குழுவுக்குரிய மென்பொருளைச் சோதிக்கும் முறை

ஒரு கருவி பழுதின்றி இயங்குகிறதா என்பது ஒரு கேள்வி. அதை உபயோகிப்பவர் தடுமாற்றமின்றிக் கையாளுகிறாரா என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதற்கு விடை காண்பதே பயன்பாட்டுச் சோதனையாகும்.

இதன் எளிய வடிவத்தை யாவரும் மேற்கொள்ளலாம். ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்து, மனத்தில் எழும் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லியவாறே அதைச் செய்யும்படி கேட்க வேண்டும். சோதிக்கப்படுவது கருவியே, அவரல்லர் என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும். அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால் குறைகள் புலப்படும். 1993-இல் ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர் ஆகியோர் வகுத்த கணக்கின்படி, ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டினால், ஐவரைக் கொண்டு சுமார் 85 சதவீதத்தை அறியலாம்.

எனினும், பலர் செய்தி பரிமாறும் சமூக மென்பொருளுக்கு இம்முறை மட்டும் போதாது. தனித்து அமர்ந்தவர் பொத்தானைக் கண்டுபிடித்துவிடுவார். நூறு வாழ்த்துகளுக்கிடையே ஒரு புயல் எச்சரிக்கை மறைந்துபோவதை அவரைக் கொண்டு அறிய இயலாது. ஜோனதன் குருடின் 1988-இல் வேறொரு குறையையும் எடுத்துக்காட்டினார். பொது நாட்காட்டியில் தம் அலுவல்களைப் பதிவோர் பலர். அதைக் கொண்டு எளிதில் கூட்டம் கூட்டுபவரோ மேலாளர். தமக்குப் பயனில்லாத உழைப்பைப் பலரும் கைவிடுவர், நாட்காட்டியும் பயனற்றுப்போகும்.

ஆகவே, குழு மென்பொருளைக் குழுவிலேயே சோதித்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறிந்த குழுவினர், தம் வழக்கமான பணியில், சில வாரங்கள் அதை உபயோகிக்கட்டும். அவர்கள் நாள்தோறும் சிறு குறிப்பு எழுதட்டும். இறுதியில், மிகுதியாக எழுதியவர்களை மட்டுமன்றி, மௌனமாக இருந்தவர்களையும் விலகியவர்களையும் வினவ வேண்டும். செய்திகளைப் படித்து ஆராயுமுன் அனைவரின் இசைவும் பெறுதல் அவசியம்.

மாற்றத்தை ஓரிடத்தில் முதலில் செய்து பார்ப்பதும் ஒரு முறையே. வாட்ஸ்அப் நிறுவனம் ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் செய்தியை முன்அனுப்ப இயலாத வரம்பை 2018 ஜூலையில் இந்தியாவில் சோதனையாகத் தொடங்கி, 2019 ஜனவரியில் உலகெங்கும் விரிவாக்கியது.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் புதிய செயலியை ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புவது நலம்: உழைப்பவர் யார்? பயன் பெறுபவர் யார்? விடுபட்டுப்போகிறவர் யார்? மூன்றாவது வினாவின் விடையில்தான் எச்சரிக்கை எட்டாத மக்கள் இருப்பர்.