காலணிப் பெட்டியில் ஒரு குடும்பம்

வீட்டார் உறங்கியபின் பொம்மைகள் கண் விழிக்கும், பேசும், தமக்குள் பிணங்கும், மீண்டும் கூடும். விடிந்ததும் ஒன்றும் அறியாதவைபோல் கிடக்கும். இந்தக் கற்பனையில் மகிழாத குழந்தை எந்த நாட்டிலும் இல்லை எனலாம். ஜெர்மானியரான ஹாஃப்மன் 1816-ல் எழுதிய கொட்டை உடைக்கும் பொம்மையின் கதை, கிறிஸ்து பிறப்பு இரவில் தொடங்குகிறது. டென்மார்க் நாட்டு ஆண்டர்சன் 1838-ல் ஒற்றைக்கால் தகரப் போர்வீரனைப் படைத்தார். இத்தாலியரான கொல்லோதியின் மரப்பொம்மை பினோக்கியோ 1883-ல் நூல் வடிவில் உலகிற்கு வந்தான்.

குழந்தைகளின் பொழுதுபோக்கைப்பற்றி ஆன்மீக ஏட்டில் எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். வெனிஸ் நகரின் ஆயராயிருந்த அல்பீனோ லூச்சியானி அவ்வாறு கருதவில்லை. பதுவையிலிருந்து வெளிவரும் புனித அந்தோனியார் மாத இதழில், வரலாற்று மாந்தருக்கும் கதை மாந்தருக்கும் அவர் கற்பனைக் கடிதங்கள் எழுதி வந்தார். அவற்றுள் ஒன்று பினோக்கியோவுக்கு எழுதியது! அக்கடிதங்கள் 1976-ல் நூலாயின. 1978-ல் முதலாம் அருள் சின்னப்பர் என்னும் பெயருடன் திருத்தந்தையாகி, 33 நாட்களே திருச்சபையை வழிநடத்தியவர் அவரே. 2022-ல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பெற்றது. அத்தகையோர் தயங்காதபோது நாம் ஏன் தயங்க வேண்டும்?

இன்று நாம் சிந்திக்க விரும்புவது, நம் குடும்பங்கள் அதிகம் அறியாத ஒரு கதை. அதன் ஆசிரியை ரூமர் காடன் 1907-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். இன்று வங்காளதேசத்திலுள்ள நாராயண்கஞ்சில் சிறுமியாக வளர்ந்தவர். 1968-ல் கத்தோலிக்க மறையைத் தழுவினார். 1998-ல் இறைவனடி சேர்ந்தார். குழந்தைகளுக்காக அவர் 1947-ல் எழுதிய 'பொம்மை வீடு' நம் சிந்தனைக்குரியது.

எமிலி, ஷார்லட் என்னும் இரு சகோதரிகளிடம் ஒரு பொம்மைக் குடும்பம் இருக்கிறது. தந்தைப் பொம்மை, முன்பு வேறொரு வீட்டில் அலட்சியமாக நடத்தப்பட்டு, இருண்ட அலமாரியில் எறியப்பட்டுக் கிடந்தவர். அவர் முகத்தில் பிள்ளைகள் மையால் மீசை வரைந்திருந்தனர். இன்னும் அவருக்கு அச்சம் தெளியவில்லை. தாய்ப் பொம்மை பேர்டி செல்லுலாய்டால் ஆனவள், எடையற்றவள், எதையும் கோவையாக நினைக்கத் தெரியாதவள். ஆப்பிள் என்னும் சிறுவன் ஒருவன். ஊசியை முதுகெலும்பாகக் கொண்ட நாய் ஒன்று. இவர்கள் அனைவருக்கும் ஆறுதலாக இருப்பவள் டாட்டி என்னும் சின்னஞ்சிறு மரப்பொம்மை. நூறாண்டுக்குமுன் மிக அற்ப விலைக்கு விற்கப்பட்டவள். ஆனால் நல்ல மரத்தில் கடையப்பட்டவள்.

இக்குடும்பம் வாழ்வது காலணிப் பெட்டிகளில். தமக்கென ஒரு வீடு வேண்டும் என்பதே அவர்களது ஏக்கம். ஆனால் பொம்மைகளால் தாமாக எதையும் செய்ய இயலாது. குழந்தைகளிடம் வாய்திறந்து கேட்கவும் இயலாது. அவர்களால் இயன்றது ஒன்றே: உள்ளத்தில் விரும்புவது. தளராது விரும்பினால் அது குழந்தையின் நெஞ்சை எட்டக்கூடும் என்று டாட்டி நம்புகிறாள்.

ஒருநாள் குடும்பத்தின் பழைய பொம்மை வீடு கிடைக்கிறது. மகிழ்ச்சி நீடித்ததா? இல்லை. மார்ச்பேன் என்னும் அழகிய பீங்கான் பொம்மை வந்து சேருகிறது. அவள் அழகில் மயங்கிய எமிலி, அவளையே வீட்டின் தலைவியாக்குகிறாள். நேற்றுவரை அங்கே பெற்றோராக வாழ்ந்தவர்கள் பணியாளர் ஆகின்றனர். ஷார்லட்டின் உள்ளம் வருந்துகிறது; ஆனால் அக்காளின் சொல்லை மீற அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஒரு மாலை சிறுவன் ஆப்பிள் எரியும் விளக்கை நெருங்கிவிடுகிறான். மார்ச்பேன் அவனைத் தடுக்கவில்லை. எதையும் கோவையாக நினைக்கத் தெரியாத பேர்டி மட்டும் ஒரு கணமும் தயங்காமல் இடையே பாய்கிறாள். செல்லுலாய்டு கற்பூரம் கலந்த பொருள். நெருப்புப் பட்டால் நொடியில் பற்றும். ஒரே சுடர், பிறகு பேர்டி இல்லை. பிள்ளை பிழைத்தான். அதன்பின்னரே எமிலியின் கண் திறக்கிறது. மார்ச்பேன் அருங்காட்சியகத்திற்குக் கொடுக்கப்படுகிறாள். கண்ணாடிப் பேழைக்குள் எவரும் தொடாமல் எல்லாரும் வியக்க நிற்பது அவளுக்குத் தண்டனையே அன்று. அதுவே அவள் விரும்பியது!

பிறருக்காகத் தன்னையே கையளிப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று நமக்குக் கற்பித்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டுமா? பொம்மைக்கு ஆன்மா இல்லை என்பதைக் குழந்தையும் அறியும். ஆயினும் அந்தச் சுடரைப்பற்றிப் படிக்கும் குழந்தை, சிலுவையின் பொருளை உணரும் வழியில் ஓரடி வைக்கிறது.

ஆனால் பெற்றோரே, இக்கதை குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. தாமாக எதையும் செய்ய இயலாமல், நம் கையை எதிர்பார்த்து, உள்ளத்தில் மட்டும் விரும்பிக்கொண்டிருப்போர் நம் இல்லங்களிலும் உள்ளனர். தான் கட்டிய வீட்டிலேயே பின்கட்டுக்கு ஒதுக்கப்பட்ட முதியவர் ஒருவர். மருமகள் வந்தபின் அடுக்களைப் பணிப்பெண்ணாகிவிட்ட தாய். மாமியாரின் சொல்லுக்கு அஞ்சி வாய் திறவாத மருமகள். பெற்றோர் குறித்துவிட்ட படிப்பைத் தன் விருப்பமெனச் சொல்லப் பழகிய மகன். இவர்களை அங்கே வைத்தது யார்? தீய உள்ளமன்று, எமிலியைப்போல, பளபளப்பில் மயங்கிய ஒரு கை. அதைக் கண்டும் பேசாதிருந்த ஷார்லட்டுகளும் வீட்டுக்கு ஒருவர் உண்டு.

வீடு மந்திரிக்கச் செல்லுமிடங்களில் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. கண்ணாடி அலமாரியில், உறைகூடப் பிரிக்கப்படாமல் விலையுயர்ந்த பொம்மை நிற்கும். வீட்டுக் குழந்தை அதைப் பார்க்கலாம், தொடலாகாது. அழுக்காகிவிடுமாம்! மார்ஜரி வில்லியம்ஸ் 1922-ல் எழுதிய வெல்வெட் முயலின் கதையை அப்பெற்றோர் படித்தல் நலம். அந்த முயல் பொம்மை, ஒரு சிறுவனின் அணைப்பில் மயிர் உதிர்ந்து, நிறம் மங்கியபோதுதான் மெய்யான முயலாகும் தகுதியைப் பெறுகிறது. நேசிக்கப்படுவது தேய்வதற்கு உடன்படுவதாகும். குடும்ப வாழ்வும் அத்தகையதே அன்றோ?

இனி அந்த விருப்பத்தைப்பற்றி ஒரு சொல். செயலற்றோரின் விருப்பம் வீணன்று. படுக்கையில் கிடந்தவாறே செபமாலை உருட்டும் பாட்டியாரின் உதடுகள் அசைவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வேண்டுதலை இறைவன் கேட்கிறார். ஆயினும் தம் பதிலைப் பெரும்பாலும் அருகிலிருக்கும் ஒருவரின் கை வழியாகவே அனுப்புகிறார். அந்தக் கை நம்முடையதாகும்போது நாம் வேறு வேலையில் இருந்துவிடக் கூடாது.

ஆகவே இம்மாதம் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். அலமாரியைத் திறந்து பொம்மையைக் குழந்தையின் கையில் கொடுங்கள். பின்பு, இரவுச் செபம் முடிந்ததும் விளக்கை அணைக்குமுன், வீட்டில் கேட்கத் தெரியாமலோ கேட்க அஞ்சியோ இருப்பவர் அருகில் சற்று அமர்ந்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள்.