கீற்றுப் பந்தல் முதல் எல்இடி மேடை வரை

தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் எண்பதுகளின் தொடக்கம் வரை கல்யாணங்கள் பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தன. வாசலில் கீற்றுப் பந்தல், உள்ளே முற்றம். போட்டோ எடுக்கப் போகிறவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முற்றத்தைத்தான் முதலில் பார்ப்பார். காலையில் கிழக்குத் தாழ்வாரம் நிழலில் இருக்கும். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெயில் அங்கே பதமாக வந்து விழும். அந்தத் தாழ்வாரத்துத் தூணோரம் பெண்ணை உட்கார வைத்துவிட்டால் ஃபிளாஷே வேண்டாம். மூக்குத்தியின் கல் வரைக்கும் படத்தில் தெரியும்.

இன்று அதே ஊர்களில் கல்யாணம் ஏசி மண்டபத்தில் நடக்கிறது. ஜன்னல் இல்லை, இருந்தாலும் கனத்த திரை போட்டு மூடியிருக்கிறது. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை, இருபுறமும் ஊதா, சிவப்பு, நீலம் என்று நிறம் மாறும் விளக்குகள். வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அவை எல்லாம் மேடை அலங்காரத்துக்காக வைத்தவை. மணமக்களின் முகத்தை நினைத்து வைத்த விளக்கு ஒன்றுகூட இருக்காது.

இரண்டுக்கும் நடுவில் சுண்ணாம்படித்த மண்டபங்களின் காலம் ஒன்று இருந்தது. அங்கே வரிசையாக எரிந்த டியூப் லைட் கலர் ஃபிலிமில் முகத்தைப் பச்சையாக்கிவிடும். இருந்தாலும் அந்த வெள்ளைக் கூரையை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஃபிளாஷை மேல்நோக்கித் திருப்பினால் போதும், கூரை முழுவதும் ஒரே விளக்காகிவிடும். இன்றைய மண்டபங்களின் கறுப்புக் கூரையும் அலங்காரத் துணியும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த ஸ்டுடியோவில் யாஷிகா மேட் 124ஜி இருந்தது. 120 ஃபிலிம், ரோலுக்கு 12 படம். கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேலிருந்து குனிந்து பார்க்கிற கேமரா. கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும். லென்ஸ் மார்பு உயரத்தில் இருப்பதால் எதிரே நிற்கிறவர் சற்று உயரமாக, நிமிர்ந்தவராகத் தெரிவார். அக்காலக் கல்யாணப் படங்களில் ஏழை வீட்டு மாப்பிள்ளைக்கும் இருக்கிற கம்பீரத்தில் கேமரா நின்ற உயரத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். பிறகு 35 எம்எம் கேமராக்கள் வந்தன: பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2. ரோலுக்கு 36 படம் கிடைத்தது. ஒரு கல்யாணத்துக்கு ஐந்தாறு ரோல். அதற்கு மேல் போட வேண்டுமென்றால் பெண்ணின் அப்பாவைக் கேட்க வேண்டும். இன்று இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகிறோம். ஒரே கல்யாணத்தில் ஐயாயிரம் படம் சேர்வது சாதாரணம்.

வெளிச்சக் கணக்கு அன்று மனப்பாடம். விவிடார் 283 ஃபிளாஷின் கைடு நம்பர், ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு அடிக்கணக்கில் 120. அதைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர் கிடைக்கும்: பதினோரு அடிக்கு எஃப் 11, பதினைந்து அடிக்கு எஃப் 8, இருபத்தோரு அடிக்கு எஃப் 5.6. மணவறைக்கும் நமக்கும் எத்தனை அடி என்று கண்ணாலேயே அளக்கத் தெரிந்தவன்தான் ஃபிளாஷைத் தொடலாம். ஒரு தடவை அடித்துவிட்டால் மறுபடி சார்ஜ் ஆக நேரமாகும். செல் பழையதென்றால் பத்துப் பதினைந்து விநாடிகூட ஆகும். பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு எரிகிற வரை அடுத்த படம் கிடையாது.

இதை வைத்துக்கொண்டுதான் தாலி கட்டுவதை எடுக்க வேண்டும். அது நடப்பதே சில விநாடிகள்தான். அதனால் அந்த நேரத்தில் மாப்பிள்ளையைப் பார்ப்பதைவிட வாத்தியாரின் கையைப் பார்ப்பது முக்கியம். அவர் கையைத் தூக்கி விரலை ஆட்டினால் கெட்டிமேளம். தவில்காரர் எந்தக் கையைக் கவனிக்கிறாரோ அதே கையைத்தான் நாமும் கவனிப்போம். அதற்குக் கால் நிமிடம் முன்பிருந்தே ஃபிளாஷை அடிக்காமல் காத்து வைத்திருக்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. ஓமப் புகை குறுக்கே வரும், அட்சதை போடுகிற கைகள் முகத்தை மறைக்கும். மூன்று முடிச்சுக்கு ஒரு படம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. எங்கள் ஸ்டுடியோ அண்ணன், "அப்படியே பிடிச்சிருங்க மாப்பிள்ளை" என்று குரல் கொடுத்து இரண்டாவது படத்தை வாங்கிவிடுவார்.

இன்றைய கேமராவில் ஐஎஸ்ஓ 6400 வைத்தால் படம் நன்றாகவே வருகிறது. அந்த ஐஎஸ்ஓ 100 ஃபிலிமைவிட அறுபத்து நான்கு மடங்கு உணர்திறன். விநாடிக்குப் பத்து படம் எடுக்கும், கண் எங்கே இருக்கிறதென்று தானே கண்டுபிடித்து ஃபோகஸ் வைக்கும். தாலி கட்டும் படம் தவறிப்போகும் பயம் ஏறக்குறைய இல்லை. பெண்ணின் கழுத்தில் முடிச்சு விழும்போது அவள் அம்மா கண்ணைத் துடைப்பதையும், பின்னால் நிற்கும் நாத்தனார் மூன்றாம் முடிச்சுக்குக் குனிவதையும் சேர்த்து எடுக்க முடிகிறது. அன்று அவர்கள் அழுததைப் படமெடுக்க எங்களிடம் ஃபிலிமும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. இது பெரிய லாபம். அட்சதைக் கைகள் மறைத்த இடத்தில் இப்போது செல்போன்கள் மறைக்கின்றன, அவ்வளவுதான்.

முகம் பார்க்கிற விதமும் மாறிவிட்டது. அன்று பெண் நாற்காலியில், மாப்பிள்ளை பக்கத்தில் நின்றபடி, கை நாற்காலியின் முதுகில். இருவரும் லென்ஸை நேராகப் பார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். மாப்பிள்ளையின் தாடையைத் தொட்டுத் திருப்பலாம். பெண்ணிடம் எதுவும் நேராகச் சொல்ல முடியாது. அவள் அக்காவிடமோ அத்தையிடமோ சொல்ல வேண்டும்: "தலையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொல்லுங்கம்மா." அவர்கள் அவள் காதில் சொல்வார்கள், அவள் நிமிர்வாள், ஒரு படம் எடுப்பதற்குள் மறுபடி குனிந்துவிடுவாள். அந்தக் காலத்து ஆல்பங்களில் கல்யாணப் பெண்ணின் கண்ணைப் பார்ப்பதே அபூர்வம்.

இன்று கல்யாணத்துக்கு முன்பே இருவரும் மாமல்லபுரத்துக்கோ புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களுக்கோ வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நெற்றியோடு நெற்றி வைத்து நிற்பது, நடந்து வருவது, சிரிப்பது என்று எல்லாம் பழகிய பின்பே மேடைக்கு வருகிறார்கள். எங்கள் தொழிலுக்குப் பெண்களும் வந்துவிட்டார்கள். ஆண்கள் வாசலில் நிற்க வேண்டிய அலங்கார அறைக்குள் போய், சடை பின்னுவதையும் தோழிகள் கேலி செய்வதையும் அவர்கள் எடுத்து வருகிறார்கள். ஒரு குறை உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் சேர்த்து வைத்த மாதிரிப் படங்களைக் காட்டி இதேபோல் வேண்டும் என்கிறார்கள். மதுரைப் பெண்ணும் மன்னார்குடிப் பெண்ணும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பி ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். அவளுக்கென்று இருக்கிற சிரிப்பு, யாரோ பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதுதான் வருகிறது. அதற்காக நான் அவள் தம்பியையோ சித்தியையோ பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறேன்.

குரூப் போட்டோ போனதுதான் எனக்கு வருத்தம். முன்பெல்லாம் அதற்கே அரை மணி நேரம் ஒதுக்குவார்கள். தரையில் ஜமக்காளம் விரித்துக் குழந்தைகள், நாற்காலி வரிசையில் பெரியவர்கள், பின்னால் பெஞ்சில் ஏறி நிற்கும் இளைஞர்கள். யார் யாருக்குப் பக்கத்தில் என்பதில் உறவின் கணக்கு முழுதும் இருக்கும். பெரிய மாமாவைக் கூப்பிடாமல் எடுத்துவிட்டால் அந்த மனத்தாங்கல் வருடக்கணக்கில் நிற்கும். அந்தப் படங்களுக்கு வேறொரு பயனும் இருந்தது. வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானால், குரூப் போட்டோவில் இருந்து அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தரச் சொல்லி ஸ்டுடியோவுக்கு வருவார்கள். பலருக்கு வாழ்நாளில் இருந்த ஒரே படம் அதுதான். இன்று வரவேற்பு மேடையில் வரிசையில் வந்து, மொய்க்கவர் கொடுத்து, ஆளுக்குப் பத்து விநாடி நின்று இறங்கிவிடுகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியே படம் இருக்கிறது. குடும்பம் முழுதும் சேர்ந்து இருக்கிற படம் பல ஆல்பங்களில் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் யோசித்தது நம் தோலின் நிறத்தைப் பற்றித்தான். கறுத்த முகம், பளபளக்கும் சரிகை, வெள்ளை வேட்டி சட்டை மூன்றையும் ஒரே ஃபிரேமில் வைப்பதுதான் தமிழ்க் கல்யாணப் படத்தின் சிக்கல். கறுப்பு வெள்ளைக் காலத்தில் அதை ஸ்டுடியோவில் நெகட்டிவ் மீது பென்சிலால் சரி செய்தார்கள். பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுத்து வரும். அம்மைத் தழும்பும் கண்ணடிக் கருவளையமும் மறையும். கலர் வந்தபின் கணக்கு நம் கையை விட்டுப் போனது. கோடாக் நிறுவனம் 1950கள் முதல் லேப்களுக்கு அனுப்பிய அளவு அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்; முதலில் அதில் இருந்தவரின் பெயரால் ஷெர்லி அட்டை என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று எழுபதுகளில் மரச்சாமான், சாக்லேட் விளம்பரக்காரர்கள் குறை சொன்ன பிறகே அந்தப் பக்கம் கவனம் திரும்பியது என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் லேப் இயந்திரங்களோ படம் முழுவதையும் சராசரி பார்த்து அச்சிடும். பின்னால் இருட்டாக இருந்தால் முகம் வெளிறும். வெள்ளைச் சுவராக இருந்தால் முகம் கரியாகும். ஒரே பெண் ஒரே ஆல்பத்தில் இரண்டு நிறத்தில் இருப்பாள்.

நேராக அடிக்கிற ஃபிளாஷ் கறுத்த முகத்துக்கு ஆகாது. நெற்றியிலும் மூக்கிலும் வியர்வை வெள்ளையாகத் தெறிக்கும், மற்ற இடமெல்லாம் தட்டையாகிவிடும். வீடியோ வந்தபோது லைட் பாய் தூக்கிப் பிடித்த 1000 வாட் ஹாலஜன் விளக்கு இதை இன்னும் மோசமாக்கியது. அந்தச் சூட்டில் பெண்ணின் பவுடர் வழிந்து இறங்கும். வெளுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது நிழல். கறுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது அதன் மேல் படிகிற மினுமினுப்பு. கன்னத்தின் மேடும் நெற்றியின் வளைவும் அந்த மினுக்கில்தான் தெரியும். அதற்கு விளக்கு பெரியதாக, பக்கவாட்டில், முகத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இன்று ஒரு சாஃப்ட்பாக்ஸை மேடையின் ஓரத்தில் நிறுத்தி, ரேடியோ டிரிகரில் இயக்கி அதைச் செய்கிறோம். கும்பகோணத்து வீட்டின் எதிர்ச் சுவர் செய்த வேலையும் அதேதான்.

ஆக, நம் நிறத்தை உள்ளபடி காட்டுகிற கருவி முதல்முறையாக நம்மிடம் இருக்கிறது. ஆசை மட்டும் மாறவில்லை. "தம்பி, பொண்ணு கொஞ்சம் கலரா வரட்டும்" என்று அன்று சொன்ன அத்தைகளின் இடத்தில் இன்று மென்பொருள் இருக்கிறது. ஒரு சொடுக்கில் தோல் மெழுகாகி, இரண்டு படி வெளுத்துவிடுகிறது. அழகான கறுப்பு முகத்தை அப்படி வெளுப்பதை நான் செய்வதில்லை. முதலில் திருத்தாத பெரிய அச்சு ஒன்றைப் பெண்ணிடம் காட்டுகிறேன். நல்ல வெளிச்சத்தில் எடுத்த தன் முகத்தைப் பார்த்த பிறகு பெரும்பாலான பெண்கள் மாற்றச் சொல்வதில்லை. கேட்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான்.

தொழில் கற்கிற வேகத்தைச் சொல்லாமல் விட முடியாது. அன்று எடுத்த ஃபிலிம் பஸ்ஸில் சென்னைக்கோ திருச்சிக்கோ போய், கழுவி அச்சாகி வர ஒரு வாரம் ஆகும். தவறு தெரியும்போது அந்த மண்டபத்தில் வேறு கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். அதனால் எந்தத் தூரம், எந்த அப்பர்ச்சர் என்று நோட்டில் எழுதி வைப்போம். மூக்கின் நிழல் உதட்டைத் தொடக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குச் சில வருடங்கள் ஆயின. இன்று பின்திரையில் அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. நான் வருடங்களில் கற்றதை என்னிடம் வரும் பையன்கள் ஒரு முகூர்த்த சீசனில் கற்றுவிடுகிறார்கள். இதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஊட்டியில் 1967 முதல் ஃபிலிமும் அச்சுத்தாளும் செய்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை மூடிக் கிடக்கிறது. அதே மலையில் 2001இல் தொடங்கிய லைட் அண்ட் லைஃப் அகாடமியில் பிள்ளைகள் விளக்கை எங்கே வைப்பது என்று பாடமாகவே படிக்கிறார்கள். எங்கள் காலத்தில் யாரும் அதைப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம், பார்த்துக் கற்றோம்.

படங்களின் ஆயுள் விநோதமானது. அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படம், ஹைப்போ போக நன்றாகக் கழுவியிருந்தால், இன்றும் நேற்று எடுத்ததுபோல் இருக்கிறது. எண்பதுகளின் கலர்ப் படங்கள் பல வீடுகளில் சிவந்து வெளிறிவிட்டன. கோனிகா 2006இல் ஃபிலிம் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. அதன் தாளில் அச்சிட்ட எத்தனையோ ஆல்பங்கள் பட்டர் பேப்பருக்கு அடியில் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்னாக்கம் செய்தது. ஸ்டுடியோக்கள் பரணில் போட்டு மறந்த படங்களுக்கு அப்படி ஒரு வழி பிறந்தது. இன்றைய ஐயாயிரம் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கைப் பரணில் போட்டால் பத்து வருடம் கழித்து அது திறக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதனால் நான் ஆல்பத்தோடு சேர்த்து இருபது படங்களைத் தனியே காகிதத்தில் அச்சிட்டுக் கொடுக்கிறேன். அதில் ஒன்று குரூப் போட்டோ. அதற்காக, சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் கால் மணி நேரம் மேடையின் வண்ண விளக்குகளை அணைத்துத் தரும்படி முன்பே பேசிக்கொள்கிறேன். டெக்கரேஷன்காரர்கள் சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். படத்தின் பின்புறம் பென்சிலில் பெயரும் உறவும் எழுதி வைக்கும்படி பெண்ணின் அப்பாவிடம் சொல்கிறேன். தெரியாத உறவுக்கு அவர் தன் அக்காவுக்குப் போன் போடுகிறார்.