மூட மறுக்கும் கூரைக் கண்ணாடி

பிற்பகல் 3 மணி. கெர்லிங்கில் காலை முழுதும் வெயில் கொளுத்தியிருக்கும். திடீரென்று கிழக்கே மலைப்பக்கம் வானம் கறுக்கும். காரின் கூரைக் கண்ணாடியை மூடப் பொத்தானை அழுத்துகிறீர்கள். கண்ணாடி முன்னோக்கி வருகிறது. நான்கு விரற்கடை மிச்சமிருக்கும்போது நின்று, வந்த வழியே பின்னால் போய்விடுகிறது. மறுபடி அழுத்தினாலும் அதே கதைதான். அதற்குள் முதல் துளி இருக்கையில் விழுந்துவிட்டது.

ஒரு காலத்தில் இது பணக்காரர் கவலை. இப்போது அப்படியில்லை. கெர்லிங்கிலிருந்து பெரிய சாலையில் வடக்கே போனால் கலும்பாங், அதைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம். அங்குள்ள ஆலையில் பூட்டப்படும் புரோட்டோன் எக்ஸ்70, எக்ஸ்50 கார்களின் விலை கூடிய ரகங்களிலேயே இந்தக் கண்ணாடிக் கூரை வருகிறது. தோட்டத்துச் சாலைகளிலும் இவற்றைப் பார்க்கலாம்.

கண்ணாடி பாதியில் திரும்பிப் போனால், கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அது உங்கள் பிள்ளையின் கையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

கூரைக்குள் இருப்பது ஒரு சிறிய மோட்டார். அது ஒரு பல்சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் இரண்டு எஃகுக் கம்பி வடங்களைத் தள்ளுகிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. வடங்கள் தண்டவாளம் போன்ற அலுமினியப் பள்ளங்களில் ஓடிக் கண்ணாடியை நகர்த்துகின்றன. மோட்டாரின் அச்சில் ஒரு காந்தம் உண்டு. அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை ஓர் உணரி எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கண்ணாடி எங்கே நிற்கிறது என்று காரின் கணினி அறிகிறது. சுழற்சி திடீரென்று மந்தமானால், நடுவில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று முடிவு செய்து திருப்பி அனுப்பிவிடும். தானாகத் திரும்பும் கூரைகளுக்கான ஐநா வாகன விதி இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: இடைவெளி 200 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டர் வரை குறையும்போது, நெருக்கும் விசை 100 நியூட்டனைத் தாண்டுமுன் கண்ணாடி பின்வாங்க வேண்டும். ஏறக்குறைய 10 கிலோ அரிசி மூட்டையின் பாரம் அது.

சிக்கல் என்னவென்றால், குழந்தையின் விரலுக்கும் ஒரு கைப்பிடி காய்ந்த இலைக்கும் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரங்கள் இலை உதிர்க்கும்போது மரத்தடியில் காரை நிறுத்திப் பாருங்கள். கண்ணாடியின் ஓரப் பள்ளத்தில் இலைக்காம்பும் பிஞ்சும் சேர்ந்துவிடும். மண்சாலையின் செம்மண் தூசு பழைய கிரீஸில் ஒட்டிக் களிம்பாகிவிடும். மோட்டார் திணறும், கணினி பயந்து திருப்பும். ஆகவே முதல் வேலை சுத்தம் செய்வது. கண்ணாடியை முழுதும் திறந்து, பள்ளத்தையும் ரப்பர் விளிம்பையும் பழைய பல்துலக்கியால் தட்டி, ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு கைப்பிரதியில் சொல்லப்பட்ட கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். மறுமாதமே இன்னும் அதிகத் தூசியை இழுத்து வைத்திருக்கும்.

பள்ளம் சுத்தம், ஆனால் கண்ணாடி துண்டு துண்டாக மட்டும் நகர்கிறது என்றால் வேறு கதை. அண்மையில் பேட்டரி மாற்றினீர்களா? மின்சாரம் அறுந்தபோது கணினி தன் எண்ணிக்கையை மறந்திருக்கும். பல கார்களில் மூடும் பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடித்தால், கண்ணாடி கடைசி வரை போய் மீண்டும் எண்ணத் தொடங்கும். எத்தனை விநாடி, எந்த வரிசை என்பது காருக்குக் கார் மாறும்; கைப்பிரதியைப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: இப்படி அழுத்திப் பிடிக்கும்போது பல கார்களில் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. பிள்ளைகளை இறக்கிவிட்டு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லையா? ஃபியூஸைப் பாருங்கள். பத்து முறை அழுத்திய பிறகு நின்றுபோனதா? மோட்டார் சூடாகித் தன்னையே அணைத்திருக்கலாம். கால் மணி நேரம் விடுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், அல்லது ஒரு பக்கம் முந்திக் கோணலாக நின்றால், வடமோ அதன் பிடியோ உடைந்திருக்கும். அதற்குமேல் பொத்தானைத் தொடாதீர்கள், கண்ணாடியே உடையலாம்.

கையால் தள்ளியும் பயனில்லை. மோட்டாரின் திருகுப்பல் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் திருகுப்பல்லைச் சுழற்ற முடியாது. திருடன் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாததும் இதனால்தான். பழைய கார்கள் பலவற்றில் உள்விளக்கின் மூடியைக் கழற்றினால் மோட்டாரின் நடுவே அறுகோணக் குழி தெரியும். அலென் சாவியை விட்டுச் சுற்றி மூடலாம். புதிய கார்கள் சிலவற்றில் அந்த வசதி இல்லை. அதற்காகக் கூரைத் துணியை இழுத்துப் பிரிக்க வேண்டாம். அதன் ஓரங்களில் திரைக் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கக்கூடும்.

எதுவும் பலிக்காமல் மழையும் பிடித்துக்கொண்டால், கூரையை நன்றாகத் துடைத்துவிட்டு, கனத்த பிளாஸ்டிக் தாளை முன்பக்கமும் பக்கவாட்டிலும் ஒட்டி, கூரையுள்ள இடம் வரை மெதுவாக ஓட்டுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் தாள் பறந்து பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் முகத்தில் மோதும்.

கண்ணாடி மூடிய பிறகும் உள்ளே ஈரம் கசிந்தால் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். கூரைக் கண்ணாடி நீரை முழுதாகத் தடுப்பதில்லை. உள்ளே வரும் நீரைச் சுற்றுப்பள்ளம் வாங்கி, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வழியே தரைக்கு அனுப்புகிறது. முன்மூலையில் அரைக் குவளை நீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். சற்று நேரத்தில் காரின் அடியில், முன்கதவை ஒட்டிச் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் குழாயை இலைத்தூள் அடைத்திருக்கிறது. பட்டறையில் அழுத்தக் காற்றால் ஊதச் சொல்லாதீர்கள், குழாய் உள்ளேயே கழன்றுவிடும். மெல்லிய நைலான் கயிற்றை மேலிருந்து மெதுவாக விட்டு எடுத்தால் போதும்.