தேயிலைச் சாயத் துணியில் தீபாவளிப் பரிசு

பரிசுப் பொருளைச் சுற்றும் பளபளப்புத் தாள் பெரும்பாலும் வெறும் தாள் அல்ல. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலமோ அலுமினியப் பூச்சோ ஜிகினாவோ ஒட்டியிருக்கும். கூழாக்கும் ஆலையில் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு என்பதால் பழைய பேப்பர் கட்டோடு அதைப் போட்டுப் பயனில்லை. கையில் கசக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: கசங்கியபடியே கிடந்தால் தாள், மெல்ல விரிந்துகொண்டால் பிளாஸ்டிக். பகாங் உட்பட மலேசியாவின் பல மாநிலங்களில் 2015 செப்டம்பர் முதல் வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். பண்டிகைக்கு மறுநாள் இந்தத் தாளை எதில் சேர்ப்பது என்று குழம்ப வேண்டாம். அது மறுசுழற்சிக்கு ஆகாத குப்பை.

ஹேம்பர் கூடைகளைச் சுற்றும் கண்ணாடித் தாளும் அப்படித்தான். 1908இல் சுவிட்சர்லாந்துக்காரர் பிராண்டன்பெர்கர் கண்டுபிடித்த செல்லோபேன் மரக்கூழில் செய்தது, மண்ணில் மட்கக்கூடியது. இன்று அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் பாலிப்ராப்பிலீன். ராஃபியா கயிற்றின் கதையும் இதுவே. பெயர் பனை நாருடையது, சரக்கு பிளாஸ்டிக்.

பகாங்கின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கெல்லாம் மாற்று தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. இங்கே ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். மலைச்சரிவுகளில் தேயிலை ஏறியபோது தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் உடன் ஏறின. லயத்து வீடுகளில் பலகாரம் கைமாற ஒரு பிஸ்கட் டின்னோ மைலோ டின்னோ போதும். மேலே ஒரு துண்டுத் துணி. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது தமிழர் வழக்கம். ஆகவே முறுக்கோடு போன டின் அதிரசத்தோடு வீடு திரும்பும்.

மலைக்கு டின் பொருந்துவதற்குக் காரணம் இங்குள்ள ஈரக்காற்று. இங்குள்ள தானா ராத்தா நகரம் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிற்பகலில் மூட்டம் இறங்கினால் தாள் தொய்ந்துபோகும், பசை விடும், முறுக்கு நமுத்துப் போகும். சமவெளிக்காரர்கள் பரிந்துரைக்கும் பழுப்புத் தாளும் செய்தித்தாளும் இங்கே இரண்டாந்தரம்தான். உள்ளே இறுக மூடிய டின், வெளியே பருத்தித் துணி என்பதே இந்தக் குளிருக்கு ஏற்ற கட்டு.

துணியின் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: பொருளின் நீளம் துணியின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஐந்தரை மீட்டர் நீளமும் 110 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பழைய நூல் சேலையிலிருந்து 55 சென்டிமீட்டர் சதுரங்கள் இருபது கிடைக்கும். ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் பெட்டி வரை தாங்கும். ஓரம் மடித்துத் தைத்துவிட்டால் நூல் பிரியாது. துணியை மூலை தன் பக்கம் வரும்படி விரித்து, நடுவில் டின்னை வைத்து, எதிரெதிர் மூலைகளை இரண்டிரண்டாக முடிய வேண்டியதுதான். டேப் தேவையே இல்லை. ஜப்பானில் ஃபுரோஷிகி என்று பெயர் பெற்ற கட்டும் இதுவே. 2006இல் அங்கே சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே அதற்குப் புத்துயிர் கொடுக்க முனைந்தார். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. நம் பாட்டிமார் மூட்டை கட்ட யாரும் இயக்கம் நடத்தவில்லை என்பது வேறு விஷயம்.

வெளுத்த துணிக்குத் தேயிலையே சாயமாகும். வடிகட்டிய தேயிலைச் சக்கையைச் சேர்த்துவைத்து, தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடித்தால் செம்பழுப்புச் சாறு கிடைக்கும். அதில் ஈரத் துணியை ஊறவைத்தால் தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானின் பருத்தியில் பிடித்துக்கொள்ளும். நூலால் அங்கங்கே இறுகக் கட்டி ஊறவைத்தால், அவிழ்த்ததும் கட்டிய இடங்களில் வெளிர் வளையங்கள் தெரியும். நாலைந்து துருப்பிடித்த ஆணிகளைச் சாற்றில் போட்டால் இரும்பு டானினோடு சேர்ந்து பழுப்பு நிறம் சாம்பல் கலந்த கறுப்பாக மாறும். அப்படிக் கறுத்த துணியில் பலகாரத்தை நேராக வைக்கக் கூடாது. டின்னுக்கு மேல் கட்டலாம். முதல் சில சலவைகளில் சாயம் கொஞ்சம் இறங்கும்.

முடிச்சில் செருக இந்த மலையில் விளையும் ஒரு செவ்வந்திப் பூ போதும், கட்டுவதற்கு வாழை நார். பிரிஞ்சாங் மலைக் காட்டின் பாசியைப் பிய்த்து அலங்காரம் செய்வது மட்டும் ஆகாது. ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பாசிதான்.

பணம் வைக்கும் தீபாவளி உறைக்குப் பழைய மாதக் காலண்டர் தாள் நன்றாக மடியும். அச்சுப் பக்கத்தை உள்ளே விட்டு, வெள்ளைப் பின்பக்கம் வெளியே தெரியும்படி மடித்தால் பெயர் எழுதவும் இடம் கிடைக்கும்.