பல்பு மாற்ற ஐந்து பேர்

ஒரு பல்பை மாற்ற எத்தனை பேர் தேவை? ஐந்து பேர். ஒருவர் மேஜைமேல் ஏறிப் பல்பைப் பிடித்துக்கொள்வார். மற்ற நால்வர் மேஜையைச் சுற்றுவார்கள்.

அந்த ஐவர் யார் என்பது ஜோக் சொல்பவரின் ஊரைப் பொறுத்தது. இந்த ரக ஜோக்குகளில் அமெரிக்கர்களுக்குப் போலந்துக்காரர்கள். ஆங்கிலேயர்களுக்கு ஐரிஷ்காரர்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு பெல்ஜியர்கள். கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்காரர்கள். டெல்லியில் யோசிக்கவே வேண்டாம், சர்தார்ஜிகள்.

கிறிஸ்டி டேவிஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் உலகமெங்கும் இப்படிப்பட்ட ஜோக்குகளைத் திரட்டி 1990இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அதில் தெரியவந்த சங்கதி சுவாரஸ்யமானது. முட்டாள் பட்டம் பெரும்பாலும் தூரத்து அந்நியனுக்கோ பரம எதிரிக்கோ போவதில்லை. ஏறக்குறைய நம்மைப் போலவே இருப்பவனுக்குத்தான் போகிறது. நம் மொழியையே கொஞ்சம் கொச்சையாகப் பேசுபவன், எல்லையோரத்தில் இருப்பவன், உடலுழைப்பு வேலைக்காக நம் நகரத்துக்கு வந்தவன். அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது, தான் நடுவில் இருப்பதாக நகரவாசிக்கு ஒரு திருப்தி.

முட்டாளுக்கு ஜோடியாக ஒரு கஞ்சனும் உண்டு. ஆங்கிலேயருக்கு ஸ்காட்லாந்துக்காரர், நமக்கு மார்வாடி. பல்கேரியாவில் கேப்ரோவோ என்ற ஊர்க்காரர்கள். கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்து வீட்டுச் சூட்டை மிச்சப்படுத்தப் பூனையின் வாலையே வெட்டிவிடுவார்களாம். அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. வாலில்லாப் பூனையையே ஊர்ச் சின்னமாக்கி, 1972இல் நகைச்சுவைக்கென்று ஓர் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். கஞ்சர்கள்தானே, கிடைத்ததை வீணாக்குவார்களா?

ஆனால் சர்தார்ஜி இந்தச் சூத்திரத்துக்குள் பாதிதான் அடங்குகிறார். 1947 பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து டெல்லிக்கு வந்த பஞ்சாபிகள் பழைய டெல்லிவாசிகளின் கண்ணுக்கு முரட்டு கிராமத்தான்களாகத் தெரிந்திருக்கலாம். அதுவரை சரி. அதன்பிறகு நடந்ததுதான் இடிக்கிறது. நாட்டின் தானியக் களஞ்சியத்தை நிரப்பியவர்கள் அவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்கள் 1.7 சதவீதம்தான். இருந்தும் 2005இல் பிரதமர் மன்மோகன் சிங், திட்டக்குழு துணைத்தலைவர் மாண்டேக் சிங் அலுவாலியா, ராணுவத் தலைமைத் தளபதி ஜே.ஜே. சிங் என மூன்று தலைப்பாகைகள் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தன. ஜோக்குகள் குறைந்தபாடில்லை. மூளையைப் பற்றிய ஜோக்காக இருந்திருந்தால் அன்றே செத்திருக்க வேண்டும். ஜோக்குக்குத் தேவை, கேட்ட மாத்திரத்தில் மனதில் வந்து நிற்கும் உருவம். அதைத் தலைப்பாகையும் தாடியும் இலவசமாகத் தந்துவிடுகின்றன.

சீக்கியர்களும் சளைத்தவர்கள் அல்லர். சாந்தா சிங், பாந்தா சிங் இருவரையும் நாடு முழுக்கப் பிரபலமாக்கியவர் குஷ்வந்த் சிங். அவரது ஜோக் தொகுப்புகள் ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் சக்கைப்போடு போட்டன. '12 மணி ஆகிவிட்டதா?' என்ற பழைய கேலிக்கும் அவர்கள் கைவசம் பதில் இருக்கிறது. உச்சிவெயிலில் தலைப்பாகைக்குள் மூளை சூடாகிவிடும் என்பது ஊரார் சொல்லும் விளக்கம். சீக்கியர் சொல்வது வேறு. 1739இல் டெல்லியைச் சூறையாடித் திரும்பிய நாதிர் ஷாவின் படையை நள்ளிரவில் தாக்கி, சிறைபிடிக்கப்பட்ட பெண்களை மீட்ட நேரமாம் அது. கேலியை அப்படியே திருப்பிப்போட்டுப் பதக்கமாகக் குத்திக்கொண்ட சாமர்த்தியம்.

ஆனால் எல்லோராலும் அப்படிக் குத்திக்கொள்ள முடிவதில்லை. 1984 நவம்பரில் டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே சொல்கிறது. ஜோக்குகள்தான் கொன்றன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதே தெருவில், அதே தலைப்பாகையைப் பார்த்து மறுபடி '12 மணி' என்று கேட்டால் அது பழைய கேள்வியாக இருக்குமா? 2015இல் வழக்கறிஞர் ஹர்விந்தர் சௌத்ரி இந்த ஜோக்குகளைப் பரப்பும் வலைத்தளங்களைத் தடைசெய்யக் கோரி உச்ச நீதிமன்றம் போனார். மக்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் நெறிமுறை வகுக்க முடியாது என 2017இல் நீதிபதிகள் கருத்துத் தெரிவித்தார்கள். நியாயம்தான். பள்ளிக்கூடப் பேருந்தின் கடைசி இருக்கைக்கு எந்தச் சட்டம் போய்ச் சேரும்?

கொல்கத்தாவில் கதை வேறு. மேற்கு வங்காளத்துக் 'கொட்டி'களும் கிழக்கிலிருந்து வந்த 'பாங்கால்'களும் பல தலைமுறைகளாக ஒருவரையொருவர் வாரிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு இறால், அவர்களுக்கு ஹில்சா. இவர்களுக்கு மோகன் பகான், அவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால். டாக்காவிலிருந்து வந்த பானு பந்தோபாத்யாய் அந்தக் கிழக்கத்தி வழக்கிலேயே பேசித் திரையில் கொடிகட்டிப் பறந்தார். இரு தரப்பும் சரிசமமாக அடித்துக்கொள்வதால் காயம் ஆழமாவதில்லை.

சமமில்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை மாதுங்கா தமிழர்கள் அறிவார்கள். 1968இல் வந்த 'படோசன்' படத்தில் குடுமியும் வேஷ்டியுமாகப் பாட்டு வாத்தியார் வேடத்தில் மெஹமூத் செய்த சேஷ்டைகளைத் தமிழர்களும் ரசித்தார்கள். அதே ஆண்டுகளில், அதே பம்பாயில் இன்னொரு சிரிப்பும் கேட்டது. பால் தாக்கரே தொழிலால் கார்ட்டூனிஸ்ட்; 1960இல் அவர் தொடங்கிய 'மார்மிக்' ஒரு கார்ட்டூன் வாரப் பத்திரிகை. அதில்தான் பம்பாய் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் வெளிவந்தன. 1966இல் சிவசேனை பிறந்தது. லுங்கியைக் கிண்டலடிக்கும் கோஷம் தெருவுக்கு வந்தது. உடுப்பி ஓட்டல்கள்மீது கல் விழுந்தது. மெஹமூத் கிண்டலடித்ததும் இடுப்புத் துணியைத்தான். ஆனால் அவர் கையில் கல் இல்லை.

டீக்கடை நாயரும், 'நம்பள்கி, நிம்பள்கி' என்று பேசும் சேட்டும் தமிழ் சினிமாவின் பழைய சரக்கு. இப்போது திருப்பூரிலும் சென்னையிலும் அந்த இடத்துக்கு வந்திருப்பவர் 'வடக்கன்'. வேற்று மொழி, உடலுழைப்பு, ரயிலேறி வந்த ஊர். டேவிஸ் கண்டிருந்தால் உடனே குறித்துக்கொண்டிருப்பார். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகச் சில வீடியோக்கள் பரவின. அவை போலி என்று போலீஸ் விளக்கியது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் பார்த்துவிட்டுப் போனது. ஆனால் அதற்குள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். வீடியோ பொய்தான் என்றாலும், அதை நம்புவதற்கு அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.