கருப்புக் காரில் தெரியும் வட்டங்கள்

மாணவர்களே, நம் நியாலாஸில் கருப்புக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டறையில் பாலிஷ் போட்டு வந்த அன்று கண்ணாடிபோல் மின்னும். மறுநாள் வெயிலில் நிறுத்தினால் மெல்லிய கோடுகள் வலைபோலத் தெரியும். வெள்ளைக் காரில் இவ்வளவு தெரிவதில்லை. ஏன்?

காரின் நிறப்பூச்சுக்கு மேலே நிறமற்ற ஒரு படலம் உண்டு. பட்டறைக்காரர்கள் அதைக் ‘கிளியர்’ என்பார்கள். தடிமன் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரோமீட்டர்தான், தலைமுடியைவிட மெல்லியது. கோடுகள் விழுந்திருப்பது இதில்தான். ஒவ்வொரு கோடும் ஒரு நுண்ணிய வாய்க்கால். அதன் சரிவுகளில் படும் ஒளி சிதறுகிறது. வெள்ளைப் பூச்சு எப்படியும் ஒளியை எல்லாத் திசைகளிலும் திருப்பி அனுப்புவதால், இந்தச் சிறு ஒளி அதில் கரைந்துவிடும். கருப்போ ஒளியை விழுங்கிவிடுகிறது. இருண்ட பின்னணியில் கீறலின் ஒளி பளிச்சென்று தெரிகிறது.

அது ஏன் வட்டமாகத் தெரிகிறது? நாள்பட்ட சில்வர் தட்டு ஒன்றை விளக்கின் கீழ் பிடியுங்கள். (வெயிலில் வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து.) விளக்கின் பிம்பத்தைச் சுற்றிக் கீறல்கள் வட்டமிடும். தட்டை நகர்த்தினால், அந்த வட்டமும் பிம்பத்தோடு சேர்ந்து நகரும்! கீறல்கள் உண்மையில் எல்லாத் திசைகளிலும் இருக்கின்றன. ஆனால் ஒரு கீறல் ஒளியைத் தன் நீளத்துக்குக் குறுக்காகவே விசிறும். ஆகவே பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளி அனுப்புகின்றன.

பாலிஷ் இயந்திரம் விட்டுச்செல்லும் தடம் வேறு. ஒரே அச்சில் சுழலும் இயந்திரம் கோடுகளை வரிசையாக இழைப்பதால், நீங்கள் நடக்க நடக்க வளைந்த ஒளிப்பட்டை ஒன்று கூடவே வரும்.

கீறுவது எது? தோட்டத்துச் சாலைப் புழுதியில் உள்ள குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவில் 7. பாலிஷில் கலக்கும் அலுமினியம் ஆக்ஸைடு 9; மாணிக்கக் கல்லும் அதே பொருள்தான். கிளியர் வெறும் நெகிழி. அழுக்குத் துணியால் காய்ந்த காரைத் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான்.

இந்தக் கோடுகளை ‘அழிக்க’ முடியாது. சுற்றியுள்ள படலத்தைக் கீறலின் அடிமட்டம்வரை தேய்த்து இறக்க வேண்டும். முதலில் சற்றுப் பருமனான துகள், பிறகு மிக நுண்ணியது, மென்மையான பஞ்சு, சுழன்றுகொண்டே அலையும் இயந்திரம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். மிஞ்சும் கீறல்கள் அதைவிட மிகச் சிறியவையானால், ஒளிக்கு அந்தப் பரப்பு வழுவழுப்புதான்.

ஆனால் தேய்த்த படலம் திரும்ப வளராது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பதும் அதில்தான். அளவுக்கு மீறி மெலிந்தால், நம் ஊர் வெயிலில் வெளுத்து உரியத் தொடங்கும். பிறகு மறுபடி சாயம் அடிப்பதைத் தவிர வழியில்லை.

சில பட்டறைகளில் மெழுகும் எண்ணெயும் பூசி அனுப்பிவிடுவார்கள். அவை வாய்க்கால்களை நிரப்பி ஒளிச் சிதறலைக் குறைக்கும். சில முறை கழுவியதும் கோடுகள் திரும்பிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலந்த நீரால் ஒரு மூலையைத் துடைத்து, விளக்கடித்துப் பார்த்தால் உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.