எக்ஸெல்லில் வருமான வரி: நீங்களே கணக்குப் போடலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு கேட்கிறீர்கள், படம் பார்க்கிறீர்கள், கடிதம் டைப் செய்கிறீர்கள். அதே கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல், ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தித் தரும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். பார்முலாக்கள் இரண்டிலும் ஒன்றுதான்.

இந்தியாவில் தனிநபர் வருமான வரியைப் பழைய முறை, புதிய முறை என இரண்டு வழிகளில் கணக்கிடலாம். எது உங்களுக்கு லாபம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் அறிய முடியும். இங்கே தரப்படும் எண்கள் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு உரியவை.

புதிய முறை ஷீட்

புதிய முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி இல்லை. அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் ஆகிறது. அதாவது ஒவ்வொரு படியிலும் 5 சதவீதம் கூடுகிறது. இதனால் பார்முலா மிக எளிது. கீழே உள்ள செல் பெயர்களையும் மேக்ஸ், சம், இஃப், மின் ஆகிய பங்ஷன்களையும் ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

1. பி1 செல்லில் சம்பளம், வட்டி உட்பட மொத்த வருமானம்.
2. பி2 செல்லில் நிலைக் கழிவு 75000. இது சம்பளம், பென்ஷன் வாங்குபவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் 0 என டைப் செய்யவும்.
3. பி3 செல்லில் =பி1-பி2
4. ஏ5 முதல் ஏ10 வரை 400000, 800000, 1200000, 1600000, 2000000, 2400000.
5. பி5 செல்லில் =மேக்ஸ்(0,$பி$3-ஏ5)*5% என டைப் செய்து, செல்லின் மூலையைப் பிடித்து பி10 வரை இழுத்து விடவும். டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். அதுதான் இழுக்கும்போது பி3 முகவரி மாறாமல் காக்கிறது.
6. பி11 செல்லில் =சம்(பி5:பி10)
7. பி12 செல்லில் =இஃப்(பி3<=1200000,0,மின்(பி11,பி3-1200000))
8. பி13 செல்லில் =பி12*1.04 (4 சதவீத செஸ் சேர்த்து).

ஏழாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும். 12 லட்சத்தைச் சற்றே தாண்டினால், தாண்டிய தொகைக்கு மேல் வரி கேட்க முடியாது. ஆண்டுக்கு 13 லட்சம் சம்பளம் வாங்குபவரின் வரிக்குரிய வருமானம் 12,25,000. படிகளின்படி வரி 63,750 வரும். ஆனால் அவர் கட்ட வேண்டியது 25,000தான். செஸ்ஸுடன் 26,000.

பழைய முறை ஷீட்

இன்னொரு ஷீட்டில் இதே அமைப்பை வைத்துக் கொள்ளுங்கள். இங்கே படிகள் மூன்றுதான். ஏ5, ஏ6, ஏ7 செல்களில் 250000, 500000, 1000000. எதிரே பார்முலாவில் முறையே 5%, 15%, 10%. வரிக்குரிய வருமானம் 5 லட்சம் வரை என்றால் வரி இல்லை. 60 வயது நிறைந்தவர்களுக்கு முதல் படி 3 லட்சம்.

கழிவுகளை பி2 செல்லில் கூட்டிப் போடுங்கள். அதே 13 லட்சம் சம்பளக்காரருக்கு நிலைக் கழிவு 50,000, பி.எப்., எல்.ஐ.சி. போன்ற 80சி முதலீடு 1,50,000, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் 25,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000 இருக்கிறது என்று வைப்போம். வரிக்குரிய வருமானம் 8,75,000. வரி 87,500, செஸ்ஸுடன் 91,000. இவ்வளவு கழிவு இருந்தும் அவருக்குப் புதிய முறைதான் லாபம். வீட்டு வாடகைக் கழிவும் பெரிதாக இருப்பவர்களுக்கு விடை வேறாகலாம். பங்கு விற்ற லாபம் போன்ற தனி வரி விகித வருமானத்தை இந்த ஷீட்டில் சேர்க்க வேண்டாம்.

கடைக்காரர்களுக்கு

ஆண்டு விற்பனை 2 கோடி வரை உள்ள சிறு வியாபாரிகள் 44ஏடி பிரிவின்படி, வங்கி, யுபிஐ வழியே வந்த தொகையில் 6 சதவீதத்தையும் ரொக்கத்தில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம். 25 லட்சம் யுபிஐ, 15 லட்சம் ரொக்கம் என்றால் 1,50,000 + 1,20,000 = 2,70,000. உண்மை லாபம் இதைவிட அதிகமானால் அதைத்தான் காட்ட வேண்டும். கமிஷன் தொழிலுக்கு இது பொருந்தாது. வியாபார வருமானம் உள்ளவர்கள் நினைத்தபோதெல்லாம் முறை மாற முடியாது. பழைய முறைக்குப் போய்த் திரும்பினால், மறுபடி அங்கே போக வழியில்லை. எனவே அவசரப்பட வேண்டாம்.

பிடித்த வரியைக் கேட்டு வாங்குங்கள்

வங்கி உங்கள் டெபாசிட் வட்டியில் வரி பிடித்திருக்கலாம். உங்களிடம் வேலை வாங்கிய கம்பெனி பில் தொகையில் பிடித்திருக்கலாம். இது டிடிஎஸ். உங்கள் பெயரில் ஏற்கனவே கட்டப்பட்ட வரி. ரிட்டர்னில் காட்டினால் கழித்துக் கொள்வார்கள். கூடுதலாக இருந்தால் திரும்பத் தருவார்கள். ரிட்டர்னே போடாவிட்டால் அந்தப் பணம் கைக்கு வராது.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் லாக்இன் செய்து 26ஏஎஸ் படிவத்தையும், ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையையும் டவுன்லோட் செய்யவும். ஏஐஎஸ் பிடிஎப் பைல் பாஸ்வேர்டு கேட்கும். உங்கள் பான் எண்ணைச் சிறிய எழுத்தில் டைப் செய்து, அதை ஒட்டிப் பிறந்த தேதியை எட்டு இலக்கத்தில் சேர்த்தால் திறந்துவிடும்.

மூன்றாவது ஷீட்டில் தேதி, பணம் தந்தவர், பில் தொகை, பிடித்த வரி, 26ஏஎஸ்ஸில் உள்ள வரி என ஐந்து பத்திகள் போடுங்கள். கடைசி இரண்டும் பொருந்தவில்லை என்றால், பிடித்தவர் வரியைக் கட்டவில்லை அல்லது உங்கள் பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறார். திருத்த வேண்டியவர் அவர்தான். மார்ச் காலாண்டுக் கணக்கை அவர் தாக்கல் செய்யக் கடைசி நாள் மே 31. எனவே ஜூன் முதல் வாரத்தில் சரிபார்த்து உடனே கேளுங்கள். ரிட்டர்ன் போட்ட பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

ரிட்டர்ன் அனுப்பியதும் 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் உறுதி செய்ய மறக்காதீர்கள். உறுதி செய்யாத ரிட்டர்ன் செல்லாது. 'ரீபண்ட் வந்திருக்கிறது, இங்கே கிளிக் செய்க' என்று வரும் எஸ்எம்எஸ்ஸை மட்டும் தொடாதீர்கள். துறையின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள்.

பைலைச் சேமித்து, பென் டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளன. அடுத்த ஆண்டு படிகளும் விகிதங்களும் மாறினால், உங்கள் ஷீட்டில் அந்தச் சில செல்களை மட்டும் திருத்தினால் போதும்.